சுவரில் தியாகி, தெருவில் அந்நியனா?

ஒரு சிகரெட் ஒரு சர்க்காரைப் பல வாரம் யோசிக்க வைத்தது.

சிங்கப்பூரில் சீனர் வட்டாரமான சைனாடவுனில் சவுத் பிரிட்ஜ் ரோடு என்று ஒரு தெரு. 2024ல் அங்கே ஒரு கட்டிடத்தின் பக்கச் சுவரில், ஷான் டன்ஸ்டன் என்ற ஓவியர் ஒரு பெண்ணின் உருவத்தைப் பெரிதாக வரைந்தார். தலையில் சிவப்புத் துணி. விரல்களுக்கு நடுவே புகைகிற சிகரெட். அவள் ஒரு சம்சுய் பெண்.

சம்சுய் பெண் என்றால் யார்? சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் சான்ஷுய் பிரதேசத்திலிருந்தும் அதைச் சுற்றிய ஊர்களிலிருந்தும் சிங்கப்பூருக்குக் கூலி வேலைக்கு வந்தவள். 1933ல் பிரிட்டிஷ் ஆட்சி ஒரு சட்டம் போட்டு அந்நிய ஆண்களின் வருகையைக் கட்டுப்படுத்தியது. பெண்களுக்குச் சில வருஷம் அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆகவே பெண்கள் கப்பலேறி வந்தார்கள். மண் சுமந்தார்கள், செங்கல் சுமந்தார்கள், சாரத்தில் ஏறினார்கள். இன்று பளபளக்கும் அந்த நகரத்தின் அஸ்திவாரத்தில் அவர்களுடைய வியர்வை இருக்கிறது. அதை இப்போது சிங்கப்பூர் சர்க்காரும் ஒப்புக்கொள்கிறது. பாடப் புத்தகத்திலும் பொருட்காட்சியிலும் அவர்களைத் தேசத்தைக் கட்டிய தாய்மார்கள் என்று கொண்டாடுகிறது.

அந்தத் தாயின் கையில் சிகரெட்டா? ஒருவர் புகார் எழுதினார். இவளைப் பார்த்தால் உழைப்பாளியாகவே தெரியவில்லை, சம்சுய் பெண்களுக்கே இது அவமானம் என்றார். நகர மறுசீரமைப்பு ஆணையம் சிகரெட்டை அழிக்கச் சொன்னது. ஜனங்கள் எதிர்த்துக் கிளம்பினார்கள். அந்தப் பெண்களை நேரில் அறிந்தவர்கள், அவர்களில் பலர் புகைத்தது உண்மைதானே என்று நினைவூட்டினார்கள். கடைசியில் ஆணையமும் சுகாதார அமைச்சும் கலந்து பேசி, இது புகையிலை விளம்பரமல்ல, படம் அப்படியே இருக்கலாம் என்று முடிவு சொல்லின. முன் அனுமதி வாங்காத குற்றத்துக்காகக் கட்டிடச் சொந்தக்காரருக்கு 2,000 டாலர் அபராதம்.

இது ஏதோ தூர தேசத்து வேடிக்கை என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். அந்தச் சுவருக்கும் அம்பத்தூர்ச் சுவருக்கும் சம்பந்தம் உண்டு.

சிகரெட் அல்ல பிரச்னை

நாள் முழுதும் செங்கல் சுமந்தவள் சாயங்காலம் காலை நீட்டி உட்கார்ந்து ஒரு சிகரெட் பற்றவைக்கிறாள். அது அவளுடைய நேரம். எஜமானனுக்கு விற்காத நேரம். அந்த ஒரு நிமிஷத்தை அவளுக்குக் கொடுக்கத்தான் மறுக்கிறார்கள். சுமக்கிறவளாக மட்டும் இரு, சிரித்துக்கொண்டே சுமக்கிறவளாக இரு, உன்னைக் கும்பிடுகிறோம் என்கிறார்கள்.

உழைப்பாளியைச் சரித்திரத்திலிருந்து மறைக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, அவனை மறந்துவிடுவது. மற்றொன்று, அவனைச் சாமியாக்கி மாலை போட்டுவிடுவது. சாமி கூலி உயர்வு கேட்காது. சாமி சங்கம் வைக்காது.

இதற்கு அத்தாட்சி வேண்டுமா? அதே சிங்கப்பூரைப் பாருங்கள். நேற்றைய கூலிப் பெண்ணுக்குச் சுவரில் இடம். இன்று கட்டிடம் கட்டுகிற தமிழ்நாட்டு வாலிபனும் வங்கதேச வாலிபனும் லாரியின் பின்தட்டில் உட்கார்ந்து வேலைக்குப் போகிறார்கள். 2020ல் கோவிட் பரவியபோது அந்நாட்டில் தொற்று கண்டவர்களில் மிகப் பெரும்பாலோர், பெரிய பெரிய விடுதிகளில் ஓர் அறைக்குப் பலராக அடைக்கப்பட்டிருந்த அயல்நாட்டுத் தொழிலாளிகள்தான். அவர்கள் தேசத்தைக் கட்டவில்லையா? கட்டுகிறார்கள். ஆனால் அவர்கள் படம் சுவரில் ஏற இன்னும் எண்பது வருஷம் காத்திருக்க வேண்டும் போலும்!

நம்மவர் கட்டிய ஊர்

அதே சவுத் பிரிட்ஜ் ரோட்டில்தான் மாரியம்மன் கோயில் இருக்கிறது. 1827ல் நாராயண பிள்ளை என்ற தமிழர் தொடங்கியது. 1825 முதல் பிரிட்டிஷார் இந்தியக் கைதிகளைக் கப்பலில் கொண்டுவந்து அந்தத் தீவில் இறக்கினார்கள். காட்டை வெட்டவும், ரோடு போடவும், சதுப்பு நிலத்தைத் தூர்க்கவும் அவர்களையே ஏவினார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் மாதாகோயிலை எழுப்பியது கைதிகளின் உழைப்பு. கவர்னர் மாளிகையை, அதாவது இன்றைய ஜனாதிபதி மாளிகையை, எழுப்பியதும் அவர்களுடைய உழைப்பு.

பிறகு கைதிகள் போய்க் கூலிகள் வந்தார்கள். கங்காணிகள் நம் கிராமங்களில் புகுந்து, வறுமையில் கிடந்த குடும்பங்களை முன்பணம் காட்டி மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு அழைத்துப் போனார்கள். சீனத் தொழிலாளிக்கு ஒரு கூலி, தமிழனுக்கு அதைவிடக் குறைந்த கூலி. இவனைக் காட்டி அவனை மிரட்டினார்கள். அவனைக் காட்டி இவனை ஒதுக்கினார்கள்.

1941ல் சிலாங்கூரில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். என்ன கேட்டார்கள்? சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி. கள்ளுக்கடையை மூடு. இன்னொரு கோரிக்கையும் இருந்தது. வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற முறையை ஒழி! ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. சைக்கிள்கள் செய்து பேர் பெற்ற அம்பத்தூர்க்காரன் இதைப் படிக்கும்போது ஒரு கணம் நிற்க வேண்டும். சைக்கிளில் ஏறி உட்கார்ந்தபடி மனிதனாகப் போவதற்கு நம் முன்னோர் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. அதற்குத் தலைமை தாங்கிய ஆர்.எச்.நாதனை நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளிகள் மடிந்தார்கள். எட்டு வருஷம் கழித்து, 1949ல், மலேயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராயிருந்த தஞ்சை மண்ணின் மைந்தன் எஸ்.ஏ.கணபதியைக் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள்.

இலங்கையில் நடந்தது வேறு விதமான கொடுமை. மலையை வெட்டித் தேயிலைத் தோட்டமாக்கியவர்கள் நம் மக்கள். 1948ல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டில் கொண்டுவந்த பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டார்கள். மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்து, 1974ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சந்தையில் ஆடுமாடு பிரிப்பது போல் மனிதர்களைப் பிரித்தார்கள். தேயிலை தேசத்தின் சொத்து. கிள்ளியவள் தேசத்துக்கு அந்நியள்!

இவற்றையெல்லாம் நாம் கோபத்தோடு பேசுகிறோம். பேச வேண்டியதுதான். சிங்கப்பூரில் ரயில் நிலையப் பலகையில் தமிழ் எழுத்தைக் கண்டால் நமக்கு மார்பு விரிகிறது. அங்கே தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. அந்த இடத்தைத் தமிழுக்கு யார் சம்பாதித்துக் கொடுத்தார்கள்? ராஜாக்களா? படை நடத்தியவர்களா? இல்லை. சுமை தூக்கியவனும், பால் வெட்டியவனும், தண்டவாளம் போட்டவனும், சாக்கடை வெட்டியவனும் அங்கே வேரூன்றி நின்றதால் அவன் மொழியும் நின்றது.

சரி. இப்போது நம் ஊருக்கு வருவோம்.

ஆவடி முதல் பூந்தமல்லி வரை

நம்முடைய மேற்குப் பகுதியே வந்தவர்கள் கட்டிய பகுதிதான். 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிச பாணி சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டது. சமுதாயம் வரவில்லை, தொழிற்சாலைகள் வந்தன. ஆவடி டாங்கித் தொழிற்சாலையிலிருந்து 1965ல் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. அதே பத்தாண்டுகளில் அம்பத்தூர் தொழிற்பேட்டை எழுந்தது. வேலைக்கு வந்தவர்கள் யார்? செங்கல்பட்டு, ஆற்காடு ஜில்லாக்களிலிருந்தும், தெற்குச் சீமையிலிருந்தும் வந்தார்கள். ஆந்திரத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்தார்கள். இன்று அம்பத்தூர்க்காரன் என்று மார்தட்டுகிறவனின் தாத்தா ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கியவர்தான்.

இன்று அதே பட்டரவாக்கம் ஸ்டேஷனில் தோள்பையோடு இறங்குகிறவன் பீகாரி, ஒடியா, அஸ்ஸாமி. பவுண்டரியில் உருக்கிய இரும்பை ஊற்றுகிறவன் அவன். பிரஸ் மிஷினில் விரலைக் கொடுக்கிறவன் அவன். பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் மெட்ரோ ரயிலுக்கு எழும்பிய தூண்களில் கம்பி கட்டியவன் அவன்.

நம் சுவர்களில் யார் இருக்கிறார்கள்? பாலத்தடியிலும் சாலையோரத்திலும் வர்ணம் தீட்டியிருக்கிறார்கள். ஜல்லிக்கட்டுக் காளை இருக்கிறது, பரதநாட்டியம் இருக்கிறது, கோயில் கோபுரம் இருக்கிறது. அழகுதான்; குறை சொல்லவில்லை. தமிழன் யார் என்பதற்கு அவை பதில். ஆனால் இந்த ஊரை யார் கட்டினார்கள் என்பதற்கு அவை பதிலல்ல.

சென்னை நகரம் உழைப்பாளிக்கு எழுப்பிய பெருமையான சின்னம் ஒன்று உண்டு. மெரினா கடற்கரையில் நிற்கிற உழைப்பாளர் சிலை. நான்கு பேர் ஒரு பாறையை நெம்புகிறார்கள். 1923 மே 1ல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மேதினத்தைக் கொண்டாடிய கடற்கரை அது. சிலை திறந்தது 1959 ஜனவரியில். செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. அவர் தமிழரா? இல்லை. வங்காளத்திலிருந்து வந்து, சென்னை ஓவியக் கல்லூரியை 1929 முதல் ஏறக்குறைய முப்பது வருஷம் நடத்தியவர். தமிழ்நாட்டுத் தொழிலாளியின் மிகச் சிறந்த உருவத்தை வடித்த கை, வடக்கே இருந்து வந்த கை! அந்த நால்வரில் எவன் தமிழன், எவன் தெலுங்கன், எவன் ஒடியா என்று யாராவது சொல்ல முடியுமா? பாறையை நெம்புகிறவனுக்கு முதுகுதான் தெரியும், ஜாதகம் தெரியாது.

ஒரு சுவரில் நடந்தது

2023 மார்ச்சில் ஒரு விஷமம் நடந்தது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளிகளை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய்ப் படங்களைச் செல்போனில் பரப்பினார்கள். பீகார் சர்க்கார் விசாரிக்க அதிகாரிகளை அனுப்பியது. பொய் என்று தெரிந்தது; பரப்பியவர்கள் மீது வழக்கு வந்தது. ஆனாலும் பயந்தவர்கள் பயந்தவர்கள்தான். எத்தனையோ பேர் ஹோலிக்கு ஊருக்குப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டே மூட்டை கட்டினார்கள்.

அடுத்த மாதம் மேதினத்துக்காக எங்கள் சங்க அலுவலகத்தின் பக்கச் சுவரில் எழுதிக்கொண்டிருந்தோம். சுண்ணாம்பு அடித்து, நூல் பிடித்து, சிவப்பில் எட்டு மணி நேர வேலை எங்கள் உரிமை என்று எழுதினோம். அது சடங்குக் கோஷமல்ல. அந்த ஏப்ரலில்தான் 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதா சட்டசபையில் நிறைவேறியிருந்தது. தொழிற்சங்கங்கள் ஒன்றுபட்டு எதிர்த்ததால் மேதினத்தன்றே வாபஸ் ஆனது.

ஒரு ஒடியா வாலிபன் ஷிப்டு முடிந்து வந்து நின்று பார்த்தான். "அண்ணா, என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டான். அரைகுறைத் தமிழ். சொன்னோம். சற்று நேரம் பேசாமல் நின்றான். அவன் அன்று பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்துவிட்டு வந்தவன். பிறகு, "கீழே எங்க எழுத்துல எழுதட்டுமா?" என்றான்.

எங்களில் ஒரு தோழர் முகம் சுளித்தார். "இது தமிழ்நாடு. நம்ம சுவர். இன்னிக்கு இடம் கொடுத்தா நாளைக்கு ஊரே அவன் எழுத்தாயிடும்" என்றார். அவர் கெட்டவரல்ல. சங்கத்துக்காக வேலை இழந்தவர். அவர் பயத்தைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. ஏனென்றால் அந்தப் பயம் தொழிலாளிகள் பலரிடம் இருக்கிறது. அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

டெல்லி சர்க்கார் சட்டத்தின் பலத்தால் திணிக்கிற இந்தி ஒன்று. பிழைக்க வந்தவன் வாயில் வருகிற மொழி வேறு. முன்னதை எதிர்ப்பது நம் உரிமை, எதிர்ப்போம். பின்னதை வெறுப்பது யாருக்கு லாபம்? ஒடிய மொழிக்காரன் நம்மை ஆள வந்தவனல்ல. நம் பக்கத்து மிஷினில் நிற்க வந்தவன்.

கூலி குறைவதற்கு அவன் காரணமல்லவா என்று கேட்பார்கள். உள்ளூர்த் தொழிலாளி பத்து ரூபாய் கேட்டால் ஏழு ரூபாய்க்கு ஆள் இருக்கிறது என்று முதலாளி சொல்கிறான் அல்லவா? உண்மை. அதே வார்த்தையைத்தான் மலேயாத் தோட்டத் துரை தமிழனைக் காட்டிச் சீனனிடம் சொன்னான். அன்று ஏழு ரூபாய் ஆளாக நின்றவன் நம் தாத்தா. அதற்குக் கிள்ளான் தொழிலாளிகள் கண்ட மருந்து என்ன? சீனனை விரட்டு என்றார்களா? இல்லை, சமமான வேலைக்குச் சமமான கூலி கொடு என்றார்கள். ஏழு ரூபாய் ஆளைப் பத்து ரூபாய் ஆளாக்கும் வரை பத்து ரூபாய்க்காரனுக்கும் பாதுகாப்பில்லை. "வடக்கன்" என்று நாம் ஏளனமாகச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் மூன்று ரூபாய் வரவு ஏறுகிறது.

படம் போதாது

சுவரில் படம் வரைந்துவிட்டால் தீர்ந்ததா? தீராது. 1979ல் மாநிலம்விட்டு மாநிலம் வரும் தொழிலாளிகளுக்கென்று பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. ஒரிசாவில் தாதன் என்ற பேரில் நடந்த ஆள்பிடிப்புக் கொடுமை அதற்கு ஒரு காரணம். ஐந்து பேர் இருந்தாலே சட்டம் பொருந்தும். வந்தவனைப் பதிவு செய்ய வேண்டும். ஊர்விட்டு வந்ததற்கு மாதக் கூலியில் பாதியை இடப்பெயர்ச்சிப் படியாகத் தர வேண்டும். குடியிருக்க இடம் தர வேண்டும். சட்டம் பெரும்பாலும் காகிதத்தில்தான் இருந்தது. ஆனாலும் காட்டிக் கேட்க ஒரு காகிதம் இருந்தது. 2025 நவம்பர் 21ல் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்தக் காகிதத்தையும் வாங்கிக்கொண்டது. ஐந்து பத்தானது, இடப்பெயர்ச்சிப் படி போயே போய்விட்டது.

பேர் பதியாதவன் செத்தால் கணக்கும் இல்லை. 2014 ஜூன் 28ல் போரூருக்கும் குன்றத்தூருக்கும் நடுவே மௌலிவாக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடிக் கட்டிடம் இடிந்து விழுந்தது. 61 பேர் மாண்டார்கள். ஆந்திரத்தின் விஜயநகரம், ஸ்ரீகாகுளம் ஜில்லாக்களிலிருந்தும், ஒடிசாவிலிருந்தும், நம் தமிழ்நாட்டிலிருந்தும் வந்த கட்டிடத் தொழிலாளிகள். இடிபாட்டில் சிக்கியவர்கள் எல்லா மொழியிலும் ஒரே கூக்குரல்தான் போட்டார்கள். பக்கத்தில் மிஞ்சி நின்ற இன்னொரு கட்டிடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதைப் பார்க்க ஜனங்கள் திரண்டு வந்தார்கள். தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டினார்கள். கட்டிடம் விழுந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. 61 பேரில் ஒருவர் பேராவது நம்மில் யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

ஆகவே நாம் கேட்பது இது. வந்த தொழிலாளி ஒவ்வொருவர் பேரும் பதிவாக வேண்டும். ஒரே வேலைக்கு ஒரே கூலி வேண்டும். பறித்த படியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சங்கங்களின் நோட்டீசும் கூட்டமும் அவர்கள் மொழியிலும் இருக்க வேண்டும். இது சர்க்காரின் வேலையல்ல, நம் வேலை. மௌலிவாக்கத்தில் 61 பேர்களையும் எழுதிய ஒரு சுவர் வேண்டும். அதில் தெலுங்கும் ஒடியாவும் தமிழும் ஒன்றாக இருக்கட்டும். அதன் பிறகு ஓவியர்கள் வந்து வரையட்டும். பவுண்டரித் தொழிலாளியை வரையட்டும். அவன் பீடி குடிக்கிறவனானால் பீடியோடு வரையட்டும். சாந்து பூசிய கையோடு, செல்போனில் ஊரிலுள்ள குழந்தையைப் பார்த்துச் சிரிக்கிறவனாக வரையட்டும். எண்பது வருஷம் காத்திருக்க வேண்டாம். அவன் உயிரோடு இருக்கும்போதே வரையட்டும்.

அந்தச் சுவரில் கடைசியில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். அரை மணி நேரம் வாதம் நடந்தது. கிள்ளான் கதையைச் சொன்னோம். சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற இடத்தில் அந்தத் தோழர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் சிவப்பு டப்பாவை எடுத்து அந்த வாலிபன் கையில் கொடுத்தார். அவன் எழுத்து வட்ட வட்டமாக இருந்தது. வரி மேலே ஏறிக்கொண்டே போயிற்று. "நூல் பிடிக்காம எழுதினா இப்படித்தான்" என்று கடிந்துகொண்டே, நூலின் ஒரு முனையைத் தோழர் பிடித்தார். மறுமுனையை அவன் பிடித்தான்.

மழையில் சுண்ணாம்பு கரைந்து அந்த எழுத்து போய்விட்டது. அடுத்த மேதினத்துக்கு மறுபடி எழுதினோம், இரண்டு மொழியிலும். அந்த வாலிபன் இப்போது எங்கள் சங்கத்தின் உறுப்பினன்.